கை நுழையாத ஜன்னல்

எங்க தெருவுல யாரு வீட்டுச் சாவி எங்கன இருக்கும்னு கைப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஜன்னலுக்கு உள்பக்கம், வலது பக்கச் சட்டத்துல ஒரு ஆணி அடிச்சிருக்கும். ரெண்டு கம்பிக்கு நடுவுல கைய விட்டு, முழங்கை வரைக்கும் நுழைச்சு மேல தடவுனா சாவி ஆப்பிடும். பூட்டத் தெறந்து உள்ள போக வேண்டியதுதான். தேவாரம் ஊரு முழுக்க இப்படித்தானான்னு கேக்காதீக. எங்க தெரு இப்படி. பாதிப் பேரு விடியறதுக்குள்ள ஜீப்புல ஏறி மேல ஏலத்தோட்டத்து வேலைக்குக் கேரளாவுக்குப் போயிருவாக. மிச்சப் பேரு தோப்பு, காடுன்னு கெளம்பிருவாக. பகல்ல தெருவுல காக்கா குருவிதான் கெடக்கும். சாயந்தரம் யாரு முதல்ல வந்து சேருவாகன்னு சாமிக்குத்தான் தெரியும். வர்றவுக எடுத்துத் தெறந்துக்கிரட்டும்னு ஆணியில மாட்டிட்டுப் போயிருவோம்.

பொழப்பத்த பழக்கம்தான், இல்லேங்கல. ஆனா என் மகளுக்குன்னு நான் வச்சிருந்த ஒரே வழி அந்த ஆணிதான்.

என் பேரு அனுசுயா. வீட்டுக்காரரு தங்கபாண்டி. தென்னந்தோப்பு வச்சிருக்கோம். அபிதா எங்களுக்கு ஒத்தப் பிள்ள. அவளப் பெரியகுளத்துல கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ள அஜய்குமாருக்கு மாங்கா ஏவாரம், சொந்தத் தோப்பு, மாடி வீடு. சபையில உக்காந்து பேசுனான்னா தேனு ஒழுகும். வீட்டுக்குள்ள போனா அவன் கையி சும்மா இருக்காது. குழம்புல உப்புக் கொறஞ்சாலும் அடி, கூடுனாலும் அடி. மாங்கா வெல எறங்குனா அதுக்கும் அவதான் காரணம்.

முதத் தடவ ஒதடு கிழிஞ்சு வந்தா. சொந்தக்காரங்க நாலு பேரு கூடிப் பேசி, காப்பி குடிச்சு, சிரிச்சு, அவளத் திரும்பக் கொண்டுபோயி விட்டாக. ரெண்டாவது தடவ கழுத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சிருந்துச்சு. மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுப் போட்டு விட்டேன். எங்க வீட்டுக்காரரு அதப் பாத்தாக. பாக்கலன்னு சொல்ல மாட்டேன். பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டாக. மறுநாள் அவுகளே பஸ்ஸுல கூட்டிட்டுக் கெளம்புனாக. கெளம்பும்போது வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னாக.

"இந்தா பாரு. இனிமே வந்தா மாப்பிள்ளையோட வா. தனியா வந்தியன்னா வாசல்ல நின்னு கூப்பிடு. தெரு பாக்கட்டும். தெறக்கிறதா வேணாமான்னு அப்ப நான் யோசிக்கிறேன்."

பெத்த அப்பன் பேசுற பேச்சா இது? கொல்லைப் பக்கம் அவ தலைய வாரி விடுற சாக்குல கூட்டிப்போயி, காதோட சொன்னேன்.

"ஆத்தா, அவுக சொன்னதக் காதுல போட்டுக்கிறாத. நீ யாரையும் கூப்பிட வேணாம். யாருக்கும் மொகத்தக் காட்ட வேணாம். நான் வீட்ல இல்லன்னாலும் ஆணியில சாவி இருக்கும். கைய விட்டு எடுத்துத் தெறந்து, உள்ள போயிப் படுத்துக்க. அப்பறம் நடக்குறத நான் பாத்துக்கிறேன்."

"கண்டிப்பா இருக்குமாம்மா?"

"என் உசுரு இருக்குற வரைக்கும் இருக்கும்டி."

அவ என் கையப் புடிச்சு ஒரு அமுக்கு அமுக்குனா. அம்புட்டுத்தான்.

அதுக்கப்பறம்தான் தெருவுல களவு போச்சு.

மூலை வீட்டுக் கருத்தக்கண்ணன் ஏலக்கா ஏவாரி. தெருவுல அவரு வச்சதுதான் சட்டம். அவரு சம்சாரம் ஜோதிலட்சுமி ஒரு கல்யாணத்துக்குப் போக பீரோவத் தெறந்தா, நகை வச்சிருந்த டப்பா காலி. பூட்டு ஒடையல. கதவு ஒடையல. சாவி வழக்கம் போல ஆணியில தொங்குது. எவனோ ஒருத்தன் பட்டப்பகல்ல கைய விட்டுச் சாவிய எடுத்து, வீட்டத் தெறந்து, நகைய எடுத்துக்கிட்டு, திரும்பப் பூட்டி, சாவிய அதே ஆணியில மாட்டிட்டுப் போயிருக்கான். எம்புட்டு நாளைக்கு முன்னால நடந்துச்சுன்னே தெரியல. "திருடுனாலும் முறை தெரிஞ்சவன்டி"ன்னு எதுத்த வீட்டு முனீஸ்வரி சொன்னா. அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

விசாரிக்க வந்த போலீஸ்காரரு ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாத்தாரு. எல்லா வீட்டுலயும் ஆணி, எல்லா ஆணியிலயும் சாவி. தலையில அடிச்சுக்கிட்டாரு.

"ஏன்ய்யா, திருடனுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறது பாக்கியா? அதையும் செஞ்சுருங்க"ன்னாரு.

தெருவுல ஆம்பளைக மொகத்துல ஈயாடல. கருத்தக்கண்ணனுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. அன்னைக்குச் சாயந்தரமே எல்லாரையும் கூட்டி, ஒரு வீடு விடாம ஜன்னலுக்குத் தகடு போடணும்னு சொல்லிட்டாரு. ஜன்னல மாத்த வேணாம், கம்பியப் பேக்க வேணாம், இருக்குற ஜன்னல்லயே உள்பக்கமா இரும்புத் தகடு வச்சு போல்ட்டு போட்டு முறுக்குனா யானை வந்தாலும் அசையாதுன்னாரு. யானை எங்க ஊருக் காட்டுக்கு அப்பப்ப எறங்கி வர்றதுதான். ஆனா அது என்னைக்கு ஜன்னல் வழியா வந்துச்சு?

பஸ் ஸ்டாண்டுகிட்ட வெல்டிங் பட்டறை வச்சிருக்குற சங்கிலி வந்து அளவு எடுத்தான். தகடு முழுக்கப் பொடிப்பொடியா ஓட்ட. வீரபாண்டிக் கௌமாரியாத்தா திருவிழாவுக்கு ஆயிரங்கண் பானை எடுப்போம்ல, அந்தப் பானையில இருக்கும்ல கண்ணு கண்ணா, அதுலயும் சின்னது. கை எங்க நுழையறது, சுண்டுவெரல் கூட நுழையாது. வெளிய நின்னு பாத்தா உள்ள ஒண்ணும் தெரியாது. உள்ள நின்னு வெளிய பாத்தா, ஆளு போறது நெழலாட்டம் தெரியும், மொகம் தெரியாது. ஒவ்வொரு வீடா இருட்டாயிக்கிட்டே வந்துச்சு. பகல்லயே லைட்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம். சித்திர வெயிலுக்கு வீடு இட்லிக் கொப்பரையாட்டம் வெந்துச்சு. ஆனா தெருவுல எல்லாருக்கும் ஒரு பெரும. "எங்க வீட்டுக்குப் போட்டாச்சு, ஒங்களுக்கு?"ன்னு விசாரிச்சுக்கிட்டாக.

எங்க வீட்டுக்குச் சங்கிலி வந்த அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு தோப்புல இருந்தாக. சங்கிலி எனக்குத் தூரத்துச் சொந்தம், மதினின்னுதான் கூப்பிடுவான். நான் தெருவப் பாத்த ஜன்னலக் காட்டிச் சொன்னேன்.

"கொழுந்தனாரே, இதுல மட்டும் ஓரத்துல கை போற அளவுக்கு ஒரு சந்து விட்டுருங்க."

"என்ன மதினி, ஒங்க கை போற ஓட்டையில திருடன் கையும் போகும்ல?"

"சின்னதா வைங்க. ஆம்பளக் கை போகாத அளவுக்கு. பொம்பளக் கை போனாப் போதும்."

அவன் சிரிச்சான். அப்பறம் என் மொகத்தப் பாத்தான், சிரிப்ப நிப்பாட்டிட்டான். அபிதா கழுத்துக் கதை தெருவுக்கே தெரியும், அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? மறுபேச்சுப் பேசாம ஆணிக்கு நேர் கீழ தகட்டு மூலைய அறுத்து, ஒரு சந்து விட்டான். நான் வெளிய போயி நின்னு என் கைய விட்டுப் பாத்தேன். கொஞ்சம் சிராச்சுச்சு. ஆனா சாவி வந்துருச்சு. என்னயவிட அபிதாவுக்கு ஒல்லிக் கையி. எனக்கு அன்னைக்கு மனசு குளுந்து போச்சு.

சாயந்தரம் தோப்புலருந்து அந்த மனுசன் வந்தாக. ஒவ்வொரு தகடாத் தட்டிப் பாத்துக்கிட்டே வந்தாக. அந்த மூலைக்கு வந்ததும் நின்னுட்டாக. தன் கைய விட்டுப் பாத்தாக, மணிக்கட்டுக்கு மேல போகல.

"இது எதுக்கு?"

"காத்துக்கு."

"காத்துக்கு ஆயிரம் ஓட்ட இருக்குல்ல. இது யாருக்கு?"

அவுக என்னையப் பாத்தாக, சந்தப் பாத்தாக, ஆணியப் பாத்தாக. "திருடனுக்குத் தனி வாசலா வச்சிருக்க?"ன்னு ஒரு சத்தம் போட்டாக. மறுநாள் சங்கிலியக் கூட்டியாந்து, அந்தச் சந்துல ஒரு துண்டுத் தகட்ட வச்சுப் பத்த வச்சாக. சங்கிலி என் பக்கம் திரும்பவே இல்ல. சாவிய ஆளுக்கொண்ணா அடிச்சுக் குடுத்தாக. ஆணி சும்மாக் கெடந்துச்சு.

அபிதாகிட்டச் சொல்லிறலாம்னு போன் போட்டா, அவ போனு அணைஞ்சு கெடக்கு. மாமியாக்காரி மாயக்காளுக்குப் போட்டேன். "போனு ரிப்பேரு"ன்னா. அவகிட்டக் குடுங்கன்னா, ஒரு நா "தூங்குறா", இன்னொரு நா "குளிக்கிறா", மறுபடியும் "குளிக்கிறா". ஏன்டியம்மா, ஒரு பொம்பள காலையில போன் போட்டாலும் குளிப்பா, மத்தியானம் போன் போட்டாலும் குளிப்பாளா? வைகை ஆத்துலயா வச்சிருக்கீக? இப்படிக் கேட்டுறலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேட்டா அந்தக் கோவத்தையும் எம்மக முதுகுலதான எறக்குவாக. முழுங்கிட்டேன்.

நேர்ல போறேன்னேன். "கூப்பிடாம சம்பந்தி வீட்டுக்குப் போனா நாயி கூட மதிக்காது"ன்னு சொல்லிட்டாக எங்க வீட்டுக்காரரு. சரி, வீரபாண்டித் திருவிழா முடியட்டும், பொரிகடலையும் மொளப்பாரிப் பிரசாதமும் குடுக்குற சாக்குல போவோம்னு மனசுக்குள்ள முடிச்சுப் போட்டுக்கிட்டேன். அதுவரைக்கும் வீட்டவிட்டு நகரக்கூடாதுன்னு தோப்புக்குப் போறத நிப்பாட்டிட்டேன். பகலெல்லாம் வாசல்லயே உக்காந்திருந்தேன். ஜீப்பு சத்தம் கேட்டா எந்திரிப்பேன், ஆட்டோ சத்தம் கேட்டா எந்திரிப்பேன். "இரும்புத் தகடு போட்டும் பத்தலயாக்கும், பூதம் வேற காக்குதாக்கும்"னு அவுக நக்கலடிச்சாக. அடிக்கட்டும்னு இருந்தேன்.

ஆனா வீரபாண்டிக்குப் போகாம இருக்க முடியாது. அபிதா கழுத்துக்கு மஞ்சள் போட்ட அன்னைக்கு, "கௌமாரியாத்தா, எம்பிள்ள மேல இனிமே ஒரு கை படக்கூடாது, ஒனக்கு ஆயிரங்கண் பானை எடுக்கிறேன்"னு நேந்திருந்தேன். சாமிக்குச் சொன்னத மாத்தப்படாதுல்ல. மாயக்காளும் போன்ல, "நாங்க குடும்பத்தோட வீரபாண்டிக்கு வர்றோம்"னு சொன்னா. அப்ப அபிதாவும் வருவா. கூட்டத்துல எப்படியாவது ஓரங்கட்டி, "சாவி அங்கன இல்லத்தா, தகடு போட்டுட்டாக, நீ வர்றதுக்கு முந்தி எப்படியாச்சும் ஒரு வார்த்த சொல்லி விடு"ன்னு காதுல போட்டுறலாம்னு நெனச்சேன். வீட்டுல இருந்து காக்குறதவிட அங்கன போறதுதான் நல்லதுன்னு பட்டுச்சு.

தெருவே கெளம்புச்சு. முனீஸ்வரி மட்டும் வரல. அவுக பங்காளி வீட்டுல ஒரு கேதம், கோயிலுக்குப் போகப்படாது. "போயிட்டு வாங்கடி, தெருவ நான் பாத்துக்கிறேன். ஒரு ஈ எறும்பு உள்ள வராது"ன்னு சொல்லி அனுப்புனா.

பானைய எடுத்துட்டு, உள்ள இருந்த நெருப்புச் சூடு தாங்காம கையெல்லாம் எரியுது, அதோட கூட்டத்துக்குள்ள எம்மகளத் தேடுனேன். வளையக்கடை வரிசையில போன வருசம் அவளுக்கு மயில்கழுத்துக் கலருல கண்ணாடி வளையல் போட்டுவிட்டேன். அந்தக் கடைகிட்டத்தான் நிப்பான்னு அங்கன போனேன். அவ இல்ல. ராட்டினத்துக்குப் பக்கத்துல மாயக்காள் நின்னா, பக்கத்துல அஜய்குமாரு கரும்பு ஜூஸு குடிச்சுக்கிட்டிருந்தான்.

"அபிதா எங்க?"

"அவளுக்கு வீட்டுக்குத் தூரம் அத்தே. கோயிலுக்கு வரக்கூடாதுல்ல, வீட்லயே விட்டுட்டு வந்தோம்"னான். தேனு ஒழுகத்தான் சொன்னான்.

எனக்கு அந்த நிமிசமே புரிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் இங்கன இருக்காக. அவ அங்கன தனியா இருக்கா. வெளிய வர அவளுக்கு இதவிட ஒரு நாள் கெடைக்காது. தெருவுல ஒருத்தரும் இருக்க மாட்டாக, ஆத்தா வீரபாண்டிக்குப் போயிருப்பா, ஆணியில சாவி தொங்கும். அவ அப்படித்தான் நெனைப்பா. நான் சொல்லிக் குடுத்தத அப்படியே நம்பிட்டு வருவா.

எங்க வீட்டுக்காரரத் தேடிப் புடிச்சு, "கெளம்புங்க"ன்னேன். "சாமி இன்னும் கெளம்பல, அதுக்குள்ள என்ன?"ன்னாக. நான் கூட்டத்த இடிச்சுக்கிட்டுத் தனியா ஓடுனேன். பின்னாடியே திட்டிக்கிட்டு வந்தாக. திருவிழாக் கூட்டத்துல பஸ்ஸு ஒண்ணும் நிக்கல. ஒரு வழியா தேவாரம் வந்து சேரும்போது பொழுது எறங்கிருச்சு.

தெரு மொனையிலயே முனீஸ்வரி நின்னா. மொகத்துல அம்புட்டுப் பெரும.

"அனுசுயா! ஒரு களவாணிச் சிறுக்கி இன்னைக்கு ஒன் வீட்டுக்குத்தான் குறி வச்சா. துப்பட்டாவால மொகத்த மூடிக்கிட்டு வந்து, ஒன் ஜன்னல்ல கைய விடப் பாத்தா. நம்ம தகட்ட அசைக்க முடியுமா? ஓரத்துல புடிச்சு இழுக்குறா, குத்துறா, பெறாண்டுறா. வெளிய வர எனக்குப் பயம். ஜன்னலுக்குப் பின்னாடி நின்னே கத்துனேன், 'திருடி, திருடி, புடிங்க'ன்னு. ஆளு ஒரு நிமிசம் அப்படியே நின்னா. அப்பறம் ஓடியே போயிட்டா."

"மொகத்தப் பாத்தியாக்கா?"

"தகட்டு வழியா எங்கிட்டு மொகம் தெரியுது?"

நான் ஜன்னல்கிட்டப் போனேன். விளிம்புல கண்ணாடி வளையல் துண்டு நாலஞ்சு கெடந்துச்சு. மயில்கழுத்துக் கலரு. சங்கிலி பத்த வச்ச மூலையில ரத்தம் காஞ்சிருந்துச்சு. பொம்பளக் கை போற அளவுக்கு இருந்த எடம். அதுலதான் அவ வெரல விட்டுப் பேத்துப் பாத்திருக்கா.

முனீஸ்வரிக்கு அப்பத்தான் ஒறச்சுச்சு. "ஆத்தீ!"ன்னு வாயில அடிச்சுக்கிட்டுத் தெருவுலயே உக்காந்துட்டா. அவளத் திட்ட எனக்கு நேரமில்ல. எங்க வீட்டுக்காரரு வளையல் துண்ட எடுத்துப் பாத்துட்டு, சும்மா கையில வச்சுக்கிட்டு நிக்காக. "பெரியகுளத்துக்குக் கார் சொல்லுங்க"ன்னு நான் போட்ட கூச்சல்ல தெரு முழுக்கக் கூடிருச்சு.

காரு தேனியத் தாண்டல, அதுக்குள்ள போன் வந்துருச்சு. மாயக்காள்தான். மாடிப்படியிலருந்து அபிதா தவறி விழுந்துட்டாளாம். தேனிப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோறாகளாம்.

தவறி விழுந்தாளாம். நடந்தது பின்னால விசாரணையிலதான் வெளிய வந்துச்சு. நாங்க கெளம்புனதப் பாத்து அவனும் வீரபாண்டியிலருந்து கெளம்பியிருக்கான், அவளுக்கு முந்தி வீட்டுக்குப் போயிச் சேந்துட்டான். இவ கதவத் தெறந்து உள்ள போகயில அவன் நடுவீட்டுல உக்காந்திருந்திருக்கான். எங்க போன, எவனப் பாக்கப் போனன்னு கேட்டிருக்கான். அம்மா வீட்டுக்குப் போனேன்னு எம்மக சொல்லியிருக்கா. வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னும் சொல்லியிருக்கா. அவன் அத நம்பல.

விடிஞ்சுதான் எங்கள உள்ள விட்டாக. தலையில கட்டு, வாயெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. வலது கை வெரல்ல நகம் பேந்திருந்துச்சு. ஆனா அவளுக்கு நெனவு இருந்துச்சு. என்னையப் பாக்கல. அவுக அப்பாவப் பாத்தா.

"அப்பா, நான் வந்துருவேன்னு தான அடைச்சீக?"

நான் கதறுனேன். "இல்லத்தா, திருடன் வந்தான்டி, தெரு முழுக்க அடைச்சாகடி, ஒனக்கில்லத்தா"ன்னேன். அவ என் பக்கம் திரும்பவே இல்ல. அவளுக்கு அப்பன் வாயிலருந்து ஒரு பதில் வேணும். ஒரே ஒரு வார்த்த. இல்லன்னு சொன்னாப் போதும். பொய்யாவாச்சும் சொல்லியிருக்கலாம். அந்த மனுசன் கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு மரமாட்டம் நின்னாக. அவ பாத்துக்கிட்டே இருந்தா. அப்பறம் கண்ண மூடிக்கிட்டா. உச்சிப் பொழுதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

சப் கலெக்டரு விசாரிச்சாக. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொன்னேன். முனீஸ்வரியும் வந்து அழுதுக்கிட்டே சாட்சி சொன்னா. அஜய்குமாரப் புடிச்சு உள்ள போட்டாக. இப்ப ஜாமீன்ல வந்துட்டான். இந்த வருசமும் அவன் தோப்பு மாங்கா மார்க்கெட்டுக்குப் போயிட்டுத்தான் இருக்கு. கேசு நடக்குது. நான் விடமாட்டேன், அது வேற.

இன்னொண்ணும் கேளுங்க. நகை எடுத்த திருடன் ஆப்பிட்டான். யாருன்னு நெனைக்கீக? கருத்தக்கண்ணன் பெத்த மகன், விஜய்பாண்டி. போன்ல சீட்டாட்டம் ஆடித் தோத்து, ஆத்தா நகையத் தூக்கி அடகு வச்சிருக்கான். தன் வீட்டுச் சாவிய எடுத்து, தன் வீட்டத் தெறந்து, தன் வீட்டு ஆணியிலயே மாட்டிட்டுப் போயிருக்கான். தெருவுக்குள்ள வெளியாள் ஒருத்தனும் காலடி வைக்கல. "விடுங்கப்பா, நம்ம வீட்டுப் பிள்ளதான, தெரியாமப் பண்ணிட்டான்"னு கருத்தக்கண்ணன் புகாரத் திருப்பி வாங்கிட்டாரு. தெருவும் சரின்னுருச்சு. அவன் இப்பவும் அந்த வீட்டுலதான் திங்கான், தூங்குறான். திருடுன பிள்ளைக்குக் கதவு தெறந்தே இருக்கு. அடி வாங்குன பிள்ளைக்குத்தான் ஊரே சேந்து இரும்ப வச்சு அடைச்சுச்சு. இதச் சொல்லி நடுத்தெருவுல நின்னு மண்ண வாரித் தூத்துனேன். ஒருத்தரும் ஒரு தகட்டையும் கழட்டல.

எங்க வீட்டுத் தகட்ட மட்டும் எங்க வீட்டுக்காரரு கழட்டுனாக. கருமாதி முடிஞ்சு சொந்தக்காரங்கெல்லாம் போனப்பறம், ஒரு நா மத்தியானம் ஸ்பேனர எடுத்துக்கிட்டு வந்து, அந்த ஜன்னல் போல்ட்ட ஒண்ணொண்ணா முறுக்கிக் கழட்டுனாக. வீட்டுக்குள்ள வெளிச்சம் விழுந்துச்சு. தன் சாவிய எடுத்து அந்த ஆணியில மாட்டுனாக. மாட்டிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாக.

"இப்ப யாருக்கு மாட்டுறீக?"ன்னேன்.

கழட்டுன போல்ட்ட ஒண்ணொண்ணாப் பொறுக்கி வச்சாக.

"அன்னைக்கு அவ கேட்டப்ப ஏன் இல்லன்னு சொல்லல? ஒரு வார்த்த. அதுகூடவா வரல?"

தரையப் பாத்துக்கிட்டே சொன்னாக.

"மொத்தத் தகட்டையும் திருடனுக்குத்தான் போட்டேன். அந்தச் சந்த அடைக்கச் சொன்னப்ப நான் திருடன நெனைக்கல. நீ யாருக்கு விட்டிருக்கன்னு எனக்குத் தெரியும். அவ வரக்கூடாதுன்னுதான் அடைச்சேன். சாகப்போற பிள்ளைகிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

உண்ம பேச அந்த மனுசனுக்கு வாச்ச நேரத்தப் பாத்தீகளா. நான் அழுகல. திட்டவும் இல்ல. ஆணியிலருந்து சாவிய எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன். அவுகளுக்குன்னு வேற சாவி அடிக்க விடல. எங்கிட்ட இருந்த மத்தச் சாவியக் கெணத்துல போட்டுட்டேன்.

இப்ப தோப்புலருந்து அவுக வரும்போது கதவு சாத்தித்தான் இருக்கும். நான் உள்ளதான் இருப்பேன். வாசல்ல நின்னு கூப்பிடணும். முனீஸ்வரி பாப்பா, ஜோதிலட்சுமி பாப்பா, ஜீப்புலருந்து எறங்கி வர்ற சனமெல்லாம் பாக்கும். "அனுசுயா, கதவத் தெற"ன்னு தெரு கேக்கக் கூப்பிடுவாக. நான் அந்த ஜன்னல் பக்கத்துல உக்காந்து, வாசல்ல அவுக நிக்கிறதப் பாத்துக்கிட்டு, தெறக்கிறதா வேணாமான்னு யோசிப்பேன்.